வானத்துக்கு வெள்ளையடிக்கும் வித்தகர்கள்

அமெரிக்காவின் நெவாடா மாநிலம், ரெனோ நகரம். ஒரு கார் நிறுத்துமிடம். இரண்டு ஆசாமிகள் பார்பெக்யூ அடுப்பைப் பற்றவைக்கிறார்கள். அடுப்பின் மேல் கோழி இல்லை. கந்தகம் கலந்த பூஞ்சைக்கொல்லி மருந்து. அதைக் கருக்கி, கிளம்பும் புகையைப் பிடித்து, பலூனில் அடைத்து, ஹீலியம் ஏற்றி, மேலே விடுகிறார்கள். எதற்கு? பூமியைக் குளிரவைக்க.

கற்பனை இல்லை. 2023 பிப்ரவரியில் நடந்தது. டைம் பத்திரிகையின் நிருபர் கூடவே போய்ப் பார்த்து எழுதினார். கம்பெனியின் பெயர் மேக் சன்செட்ஸ். முதலீட்டாளர்கள் ஏழரை லட்சம் டாலர் கொடுத்திருந்தார்கள். அப்போது பத்து டாலர் கட்டினால் உங்கள் பெயரில் ஒரு கிராம் கந்தக வாயு வானத்துக்குப் போகும். ஒரு டன் கரியமில வாயு ஓராண்டில் செய்யும் சூட்டை அந்த ஒரு கிராம் ஈடுகட்டும் என்பது கம்பெனியின் கணக்கு. ரசீது உண்டு.

அதற்கு முந்தைய ஆண்டு மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவில் வெள்ளோட்டம். மெக்சிகோவிடம் அனுமதி கேட்டார்களா? இல்லை. பலூன் உரிய உயரத்துக்குப் போனதா? யாருக்கும் தெரியாது. அளக்கும் கருவியையே வைக்கவில்லை. 2023 ஜனவரியில் மெக்சிகோ அரசு, இந்த ஆட்டம் எங்கள் மண்ணில் வேண்டாம் என்று தடையை அறிவித்தது. கம்பெனி மூட்டையைக் கட்டிக்கொண்டு நெவாடாவுக்கு வந்தது. நம் ஊரில் கல்யாண வீட்டு மைக்செட்டுக்குப் போலீஸ் அனுமதி வேண்டும். உலகத்தின் வானத்துக்கு வேண்டாம்.

சிரிக்காதீர்கள். இந்த இருவரும் பிழைக்கத் தெரியாதவர்கள். பிழைக்கத் தெரிந்தவர்கள் அடுப்பு மூட்ட மாட்டார்கள். நிதிக்கு விண்ணப்பம் எழுதுவார்கள். முதல் வரியிலேயே 'பல்துறை ஆய்வு' என்று போடுவார்கள்.

பொருள் ஒன்றுதான். ஜியோ இன்ஜினியரிங். புவிப் பொறியியல் என்று தமிழில் எழுதுகிறோம். நாம் கெடுத்த காற்றை அப்படியே விட்டுவிட்டு, பூமியின் மற்ற உறுப்புகளைத் திருகிச் சூட்டைக் குறைப்பது. வந்த வெயிலில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்புவது ஒரு வகை. விட்ட கரியமில வாயுவை வலைபோட்டுப் பிடிப்பது இன்னொரு வகை. முதல் வகைக்கு எரிமலைதான் குரு.

1991 ஜூன் 15. பிலிப்பைன்ஸில் பினடுபோ மலை வெடித்தது. ஒன்றரைக் கோடியிலிருந்து இரண்டு கோடி டன் வரை கந்தக டை ஆக்சைடு ஸ்ட்ராட்டோஸ்பியர் என்ற உயர்ந்த காற்றடுக்குக்கு ஏறியது. அங்கே அது நுண்ணிய அமிலத் துளிகளாக மாறி, வெயிலைச் சிதறடித்தது. அடுத்த ஆண்டு உலகின் சராசரி வெப்பம் சுமார் அரை டிகிரி குறைந்தது. விஞ்ஞானிகள் குறித்துக்கொண்டார்கள். அவர்கள் குறிப்பில் அவ்வளவாக இடம் பெறாத ஒன்றையும் சொல்ல வேண்டும். அன்றைக்கே யுன்யா என்ற புயலும் கரையேறியது. விழுந்த சாம்பல் மழையில் ஊறிக் கனத்தது. கூரைகள் சரிந்தன. உள்ளே இருந்தவர்கள் நூற்றுக்கணக்கில் நசுங்கிச் செத்தார்கள். அவர்களுக்கு அரை டிகிரி குளிர்ச்சி பயன்படவில்லை.

2006இல் பால் குருட்சன் ஒரு கட்டுரை எழுதினார். ஓசோன் படலம் கெடுவதன் வேதியியலுக்காக 1995இல் நோபல் பரிசு பெற்றவர். ஆதலால் யாரும் அலட்சியம் செய்ய முடியவில்லை. அவர் சொன்னதன் சாரம்: அரசுகள் புகையைக் குறைக்கும் என்ற ஆசை வெறும் ஆசையாகவே இருக்கிறது, நிலைமை கைமீறினால் கந்தகத்தைத் தூவ வேண்டி வரலாம், ஆகவே ஆராய்ந்தாவது வைப்போம். மனம் வெறுத்துப்போன கிழவரின் எச்சரிக்கை அது. நம்மவர்கள் அதை டெண்டர் அறிவிப்பாகப் படித்தார்கள்.

அதிலிருந்து பிடித்தது சீசன். 2009இல் லண்டன் ராயல் சொசைட்டி அறிக்கை. 2010இல் கலிபோர்னியாவின் அசிலோமார் கடற்கரையில் மாநாடு. 2021இல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமிகள், ஐந்தாண்டுக்குப் பத்துக் கோடியிலிருந்து இருபது கோடி டாலர் வரை ஒதுக்கலாம் என்று பரிந்துரை. 2025 மே மாதம் பிரிட்டனின் ஆரியா நிறுவனம் 5.7 கோடி பவுண்டை அறிவித்தது, 21 திட்டங்கள்.

இந்தப் பணத்தில் எல்லாத் துறைக்கும் பந்தியில் இடமுண்டு. இயற்பியல்காரர் துகளைப் பார்ப்பார். வேதியியல்காரர் துகள் ஓசோனை அரிக்குமா என்று பார்ப்பார். சட்டக்காரர், பக்கத்து நாட்டில் மழை பொய்த்தால் வழக்கு எந்த நீதிமன்றத்தில் என்று பார்ப்பார். பொருளாதாரக்காரர் மலிவு என்று சொல்வார். உளவியல்காரர், 'சூரியனை மங்கவைப்பது' என்று சொன்னால் மக்கள் பயப்படுகிறார்களா, 'வெயில் மேலாண்மை' என்று சொன்னால் பயப்படுகிறார்களா என்று கருத்துக்கணிப்பு எடுப்பார். அறவியல்காரர் கடைசி அத்தியாயத்தில் கவலைப்படுவார். கவலைப்படுவதற்கும் நிதி உண்டு.

ஆய்வாளர்கள் எல்லோரும் அயோக்கியர்கள் என்று சொல்லவில்லை. பெரும்பாலோர் நேர்மையானவர்கள். 'இது புகையைக் குறைப்பதற்கு மாற்று ஆகாது' என்று ஆய்வுக் கட்டுரை தவறாமல் முதல் பத்தியிலேயே எழுதிவிடுகிறார்கள். சிகரெட் பெட்டியிலும்தான் எச்சரிக்கை எழுதியிருக்கிறது.

அந்தப் பொருளாதாரக்காரரின் 'மலிவு' என்ன விலை? 2018இல் வந்த ஒரு கணக்குப்படி, முதல் பதினைந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்குச் சுமார் 225 கோடி டாலர். அதற்கேற்ற விமானம் இன்னும் உலகத்தில் கிடையாது; செய்ய வேண்டும். போகட்டும். இந்தப் பக்கம் இன்னொரு கணக்கு. சர்வதேச நிதியம் சொல்கிறது: 2022இல் உலகம் நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவுக்குக் கொடுத்த மானியம் 7 லட்சம் கோடி டாலர், வசூலிக்காமல் விட்ட சேதத்தின் விலையையும் சேர்த்து. நோய்க்கு ஏழு லட்சம் கோடி. மருந்துக்கு 225 கோடி. மலிவுதான். யார் இல்லையென்றது?

எண்ணெய்க்காரர்களுக்கு இது எப்போதோ புரிந்துவிட்டது. எக்ஸான் கம்பெனியின் சொந்த விஞ்ஞானிகள் 1977 முதலே நிர்வாகத்திடம் பூமி சூடாவதைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். அவர்கள் போட்ட கணிப்புகளில் பெரும்பாலானவை பலித்திருக்கின்றன என்று 2023இல் சயன்ஸ் இதழில் ஆய்வு வந்தது. கம்பெனி என்ன செய்தது? வெளியே வந்து, ஒன்றும் நிச்சயமில்லை என்று பல ஆண்டு பிரச்சாரம் செய்தது. 2012இல் அதன் தலைவர் ரெக்ஸ் டில்லர்சன் கொஞ்சம் இறங்கிவந்தார். இது பொறியியல் பிரச்சினை, பொறியியலில் தீர்வு இருக்கிறது என்றார். அதாவது, பற்றவைத்தது நாங்கள்; அணைப்பது இன்ஜினியர்; நடுவில் எங்களைத் தொந்தரவு செய்யாதீர்கள். ஐந்து ஆண்டில் மனிதர் அமெரிக்காவின் வெளியுறவு அமைச்சரானார்.

இனி, இந்தப் பல்துறைப் பந்தியில் யாருக்கு இலை போடவில்லை என்று பார்ப்போம்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஸ்கோபெக்ஸ் திட்டம். ஒரு பலூன். இருபது கிலோமீட்டர் உயரம். அங்கே ஒன்றிரண்டு கிலோ சுண்ணாம்புத் தூளைத் தூவி என்ன ஆகிறது என்று பார்ப்பது. நன்கொடையாளர்களில் பில் கேட்ஸ் உண்டு. ஆலோசனைக் குழு உண்டு, பல்துறைக் குழுதான். இடம், சுவீடனின் வடகோடியில் கிருணா அருகேயுள்ள எஸ்ரேஞ்ச் ஏவுதளம். 2021 ஜூனில் முதல் பறப்பு என்று திட்டம். அதில் தூள் கூட இல்லை, கருவி சரியாக இயங்குகிறதா என்ற சோதனை மட்டும்.

கிருணா, சாமி என்ற பழங்குடி மக்களின் மண். கலைமான் மேய்ப்பவர்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தங்கள் தலைக்கு மேலேதான் பரிசோதனை என்பது தெரிந்ததும், 2021 பிப்ரவரியில் சாமி கவுன்சில் கடிதம் எழுதியது. எங்களைக் கேட்காமல் எங்கள் மண்ணிலிருந்து எப்படி? உங்கள் ஆலோசனைக் குழுவில் எங்கள் ஆள் எங்கே? தவிர, புகையைக் குறைக்காமல் வானத்தில் கைவைப்பது எந்த நியாயம்? மூன்றே கேள்விகள். ஹார்வர்டின் இத்தனை துறைக்கும் தோன்றாத கேள்விகள். மார்ச் முடிவதற்குள் ஆலோசனைக் குழுவே தள்ளிவைக்கச் சொல்லிவிட்டது. 2024 மார்ச்சில் திட்டத்துக்கே மூடுவிழா.

ஒன்றிரண்டு கிலோ சுண்ணாம்பு யாரையும் கொல்லாது என்றார்கள் ஆய்வாளர்கள். உண்மைதான். ஒரு பயணிகள் விமானம் அதைவிட அதிகம் கக்கும். ஆனால் இரண்டு கிலோவுக்கே கேட்காதவர்கள் இரண்டு கோடி டன்னுக்கு எப்படிக் கேட்பார்கள்?

கேட்க மாட்டார்கள் என்பதற்கு அமெரிக்காவிலேயே சாட்சி இருக்கிறது. 2024 ஏப்ரல். சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் அலமேடா நகரம். அருங்காட்சியகமாக நிற்கும் ஹார்னெட் என்ற பழைய போர்க்கப்பல். அதன் மேல்தளத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் ஒரு பீரங்கி போன்ற இயந்திரத்தை வைத்து உப்புநீர்த் திவலையைப் பீய்ச்சினார்கள். கடல் மேகங்களை வெளுக்கவைக்கும் வித்தைக்கு முன்னோட்டம். நகர நிர்வாகத்துக்குச் செய்தி எப்படித் தெரிந்தது? பேப்பரைப் பார்த்து. மே மாதம் நிறுத்தச் சொன்னார்கள். ஜூனில் நகர மன்றம் ஒருமனதாக மறுத்தது. சொந்த ஊர் நகராட்சிக்கே இந்த மரியாதை. சஹாரா பாலைவன ஓரத்துச் சஹேலின் கம்பு விவசாயிக்கு எவ்வளவு மரியாதை கிடைக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சஹேலைச் சும்மா இழுக்கவில்லை. 2013இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் கணினியில் போட்டுப் பார்த்தார்கள். வட அரைக்கோளத்தில் மட்டும் துகள் தூவினால் சஹேலில் வறட்சி. அதற்கு முன்பே, 2008இல், ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆலன் ரோபோக்கும் சகாக்களும் ஆசிய, ஆப்பிரிக்கக் கோடை மழை குறையக்கூடும் என்று காட்டினார்கள். வேறு கணினிகள் வேறு விடை தருகின்றன. கணினியை நம்ப வேண்டாம் என்றால் வரலாற்றைப் பாருங்கள். 1783இல் ஐஸ்லாந்தில் லாக்கி எரிமலைப் பிளவு எட்டு மாதம் கந்தகம் கக்கியது. ஐஸ்லாந்தில் ஐந்தில் ஒருவர் செத்தார். அங்கிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி நைல் நதி பொங்கவில்லை. எகிப்தில் பஞ்சம். எரிமலை ஒருவனுக்கு, பட்டினி இன்னொருவனுக்கு. எரிமலைக்காவது உள்நோக்கம் இல்லை.

ஜூன் பிறந்ததும் மழை எங்கே என்று அண்ணாந்து பார்க்கும் நூறு கோடிப் பேருக்கு மேல் இந்தத் துணைக்கண்டத்தில் இருக்கிறோம். பருவமழை பத்து நாள் தள்ளினால் வட்டிக்கடையில் நகை ஏறும் நாடு இது. நம் வானத்தின் குமிழைத் திருகலாமா என்று லண்டனிலும் பாஸ்டனிலும் பயிலரங்கு நடக்கிறது. நமக்கும் பங்கு உண்டு: 'வளரும் நாடுகளின் கண்ணோட்டம்' என்ற தலைப்பில், சாப்பாட்டுக்குப் பிறகு, கால் மணி நேரம்.

வட்டிக்கடை என்றதும் சொல்லிவிடுகிறேன். இந்தக் குளிர்ச்சியே கந்துவட்டிக்கு வாங்குவது. அசலான கரியமில வாயு நூற்றாண்டுக் கணக்கில் அப்படியே நிற்கும். நாம் கூட்டிக்கொண்டே போவோம். தூவிய துகளோ ஒன்றிரண்டு ஆண்டில் உதிர்ந்துவிடும். ஆகவே ஆண்டுதோறும் தூவ வேண்டும். இன்றைய குழந்தையின் பேரன் காலத்திலும் தூவ வேண்டும். ஒரு போர் வந்தால்? ஒரு அரசு கவிழ்ந்தால்? தவணை நின்றுபோனால் அதுவரை அமுக்கிவைத்த மொத்தச் சூடும் பத்திருபது ஆண்டுக்குள் வாசலில் வந்து நிற்கும். இதற்கு 'டெர்மினேஷன் ஷாக்' என்று பெயர் வைத்து, அதையும் ஒரு ஆய்வுத் தலைப்பாக்கியிருக்கிறார்கள். இடையில் கடல் புளித்துக்கொண்டேதான் இருக்கும். வெயிலைக் குறைத்தால் கடலில் கரையும் கரியமில வாயு குறையாது. வானம் கொஞ்சம் வெளிறும். நீலத்தைப் பேரனுக்குப் படத்தில் காட்டிக்கொள்ளலாம்.

அரசாங்கங்கள் தயங்குகின்றன என்றதும் வியாபாரிகள் புகுந்துவிட்டார்கள். இஸ்ரேல் அணுசக்தி ஆணையத்தில் முன்பு பணியாற்றிய விஞ்ஞானி ஒருவர் உள்ளிட்டோர் தொடங்கிய ஸ்டார்டஸ்ட் என்ற கம்பெனி, 2025 அக்டோபரில் ஆறு கோடி டாலர் முதலீடு திரட்டியது. கந்தகம் பழைய சரக்காம். இவர்களிடம் புதுத் துகள் இருக்கிறதாம். காப்புரிமைக்கு உரிய சரக்கு. முதலீடு போட்டவன் லாபம் கேட்பான். லாபம் வர வேண்டுமானால் பூமி சூடாகவே இருக்க வேண்டும். தீயணைப்பு வண்டியைப் பங்குச்சந்தையில் பட்டியலிட்டால் ஊரில் நெருப்பு குறையுமா?

இந்த யோசனையின் வயதைக் கேட்டால் வயிறு எரியும். 1965இல் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சனின் அறிவியல் ஆலோசனைக் குழு ஓர் அறிக்கை கொடுத்தது. கரியமில வாயு ஏறுகிறது, உலகம் சூடாகும் என்று அப்போதே எழுதினார்கள். பரிகாரம்? கடல் பரப்பில் வெயிலைத் திருப்பும் மிதவைத் துகள்களைப் பரப்பலாம். ஆண்டுக்குச் சுமார் 50 கோடி டாலர் ஆகும். எண்ணெய், நிலக்கரி எரிப்பதைக் குறைக்கலாம் என்பது பரிகாரப் பட்டியலிலேயே இல்லை. அறுபது ஆண்டாக அதே பட்டியல்தான்.

2017 ஏப்ரலில் நம் அமைச்சர் செல்லூர் ராஜு வைகை அணையில் தெர்மாகோல் மிதக்கவிட்டார். வெயிலில் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க. அட்டைகளை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். காற்றடித்தது. அத்தனையும் கரை ஒதுங்கியது. நாடே சிரித்தது. இன்றுவரை மீம் ஓடுகிறது. ஆனால் ஜான்சன் குழு மிதவையைக் கடலுக்குச் சொன்னது, யாரும் சிரிக்கவில்லை. ஆர்க்டிக் ஐஸ் ப்ராஜெக்ட் என்ற அமைப்பு வடதுருவப் பனிமேல் உள்ளீடற்ற கண்ணாடி மணிகளைத் தூவ ஆண்டுக்கணக்கில் உழைத்தது. பிறகு அந்த மணிகள் அங்குள்ள கடலுயிர்களின் உணவுச் சங்கிலிக்கு ஆபத்தாகலாம் என்று சோதனையில் தெரிந்து 2025இல் கடையைக் கட்டியது. அதற்கும் யாரும் சிரிக்கவில்லை. அமைச்சர் செய்த ஒரே தவறு, கோப்பில் 'பல்துறை' என்ற சொல்லைச் சேர்க்காததுதான்.

இந்தியாவும் இந்த ஆட்டத்துக்குப் புதிதல்ல. 2009 தொடக்கத்தில் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்பிரட் வெகனர் நிறுவனமும் சேர்ந்து லோஹாஃபெக்ஸ் என்ற சோதனை நடத்தின. போலார்ஸ்டெர்ன் கப்பல் அண்டார்டிகா பக்கத்துத் தென்கடலுக்குப் போனது. சுமார் 300 சதுர கிலோமீட்டரில் இரும்பு உப்பைக் கரைத்துவிட்டார்கள். இரும்பு கிடைத்தால் நுண்பாசி செழிக்கும். செழித்த பாசி காற்றிலுள்ள கரியை உண்ணும். செத்து ஆழத்தில் மூழ்கும். கரியும் கூடவே சமாதி. தாளில் அழகான திட்டம். ஜெர்மனியின் சுற்றுச்சூழல் அமைச்சகம் நிறுத்து என்றது. ஆராய்ச்சி அமைச்சகம் நடத்து என்றது. ஒரே அரசு. கடைசியில் நடத்தினார்கள்.

பாசி செழித்தது. சிறு கடற்பூச்சிகள் வந்தன. தின்றன. அவற்றைத் தின்னப் பெரிய பூச்சிகள் வந்தன. ஆழத்துக்குப் போன கரி சொற்பம். கடல் தன் வழக்கப்படி சாப்பிட்டுவிட்டது. ஆய்வு என்ற அளவில் இது நல்ல ஆய்வு. வேலைக்கு ஆகாது என்று கண்டுபிடித்து, அதை ஒளிக்காமல் எழுதினார்கள். அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு. ஆனால் மூன்றே ஆண்டில், 2012இல், கனடாவின் மேற்குக் கரையில் ஒரு வியாபாரி நூறு டன் இரும்பு உப்பைக் கடலில் கொட்டினார். சால்மன் மீன் பெருகும், கார்பன் கிரெடிட் வரும் என்று நம்பவைத்து, பணம் போட்டது ஓல்ட் மாசெட் என்ற பழங்குடிக் கிராமம். ஆய்வாளர் கதவைத் தட்டிப் பார்க்கிறார். வியாபாரி உடைத்துக்கொண்டு போகிறார்.

காற்றிலிருந்து கரியை உறிஞ்சும் ஆலைகள் வேறு. ஐஸ்லாந்தில் கிளைம்வொர்க்ஸ் கம்பெனி 2024இல் திறந்த மேமத் ஆலைக்கு முழுத் திறன் ஆண்டுக்கு 36,000 டன். உலகம் ஆண்டுக்கு விடுவது சுமார் 3,700 கோடி டன். வகுத்துப் பாருங்கள். ஆலை வருஷம் முழுக்க ஓய்வில்லாமல் உறிஞ்சினால் உலகத்தின் முப்பது விநாடிப் புகையைப் பிடிக்கும். அமெரிக்க எண்ணெய் நிறுவனம் ஆக்ஸிடென்டல், 2023இல் இந்தத் தொழில்நுட்பக் கம்பெனி ஒன்றை 110 கோடி டாலருக்கு வாங்கியது. மனம் திருந்தி அல்ல. இதை வைத்து இன்னும் பல பத்தாண்டு எண்ணெய் எடுக்கலாம் என்று அதன் தலைமை அதிகாரியே மேடையில் சொன்னார். ஒளிவுமறைவில்லை. பாராட்டலாம்.

எதிர்ப்பாளர்களையும் விட்டுவைக்கக் கூடாது. புளோரிடா மாநிலம் 2024இல் தன் சட்டங்களிலிருந்து 'காலநிலை மாற்றம்' என்ற குறிப்பைப் பெருமளவு அழித்தது. 2025இல் இன்னொரு சட்டம்: காலநிலையை மாற்ற யாராவது வானத்தில் எதையாவது தூவினால் ஐந்தாண்டு வரை சிறை, ஒரு லட்சம் டாலர் வரை அபராதம். நோய் இல்லை. மருந்து கொடுத்தால் ஜெயில்.

ரொம்பச் சிரிக்க வேண்டாம். டெல்லி பக்கத்திலேயே இருக்கிறது. 2025 தீபாவளிக்குப் பசுமைப் பட்டாசு வெடிக்க அனுமதி கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றத்தில் கேட்டது டெல்லி அரசு. கிடைத்தது. அக்டோபர் 20 தீபாவளி. ஊர் புகையில் மூழ்கியது. அக்டோபர் 28 அன்று மேகத்தில் ரசாயனம் தூவிச் செயற்கை மழை பெய்விக்க விமானம் அனுப்பியதும் அதே டெல்லி அரசு. கான்பூர் ஐஐடி விமானம். ஐந்து சோதனைக்கு ஒதுக்கிய தொகை 3.21 கோடி ரூபாய். மேகத்தில் ஈரம் போதவில்லை. டெல்லியில் மழை இல்லை. பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டினார்கள், தொட்டிலும் ஆடவில்லை.

கந்தகத்துக்கே வருவோம். அனல் மின் நிலையப் புகைபோக்கியில் கந்தகத்தைப் பிடிக்கும் கருவியைப் பொருத்த வேண்டும் என்று மத்திய அரசு 2015இல் விதி போட்டது. கெடு 2017. கெடு தள்ளிப்போனது. மறுபடி தள்ளிப்போனது. 2025 ஜூலையில் நாட்டின் நிலக்கரி மின் அலகுகளில் ஏறக்குறைய 78 சதவீதத்துக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். செலவு அதிகமாம். மேலே இருபது கிலோமீட்டர் உயரத்தில் கந்தகம் தூவ உலகம் விமானம் வடிவமைக்கிறது. கீழே எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் புகைபோக்கிக்குப் பக்கத்தில் குடியிருப்பவன் அதே கந்தகத்தைப் பல ஆண்டாக மூக்கு வழியாக இலவசமாக வாங்குகிறான். அவனுக்குப் பத்து டாலர் ரசீது யாரும் தரவில்லை.

2025 நவம்பரில் பிரேசிலின் பெலெம் நகரில் முப்பதாவது காலநிலை மாநாடு. மாநாட்டு வளாகத்திலேயே தீப்பிடித்தது. ஆயிரக்கணக்கானோர் வெளியே ஓடினார்கள். தீயை அணைத்தார்கள். திரும்பி உள்ளே போனார்கள். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு என்ற சொற்களே இல்லாத தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். வீட்டுக்குப் போனார்கள்.

ஆகவே நானும் ஒரு விண்ணப்பம் போடலாம் என்றிருக்கிறேன். தலைப்பு: ஒரு எண்ணெய்க் கிணற்றை மூடுவது எப்படி, ஒரு பல்துறை ஆய்வு. செய்முறை: குழாயின் திருகை வலப்பக்கமாகத் திருகுதல். கால அளவு: அரை நாள். உபகரணம்: ஸ்பானர் ஒன்று. பாதிக்கப்படுவோர்: பங்குதாரர்கள். பருவமழைக்குச் சேதாரம்: இல்லை. பொருளாதாரக்காரர், சட்டக்காரர், அறவியல்காரர் மூவரும் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கலாம், பயணப்படி உண்டு.

பதில் எப்படி வரும் என்பதும் தெரியும். நடைமுறைக்கு ஒவ்வாது. அளவுக்கு மீறிய ஆசை. தொழில்நுட்பம் இன்னும் முதிரவில்லை. சூரியனை மங்கவைப்பது குறித்து விண்ணப்பித்தால் பரிசீலிக்கப்படும்.